இல்லாத விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது எப்படி? ஹெய்ன்கெல் 113-ன் கதை

இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். 1940-ல் பிரிட்டிஷ் போர் விமானிகள் தரையிறங்கியதும் எழுதிக் கொடுத்த சண்டை அறிக்கைகளில் 'ஹெய்ன்கெல் 113' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பார்த்ததாக, துரத்தியதாக, சுட்டு வீழ்த்தியதாக எழுதியிருக்கிறார்கள். எதிரி விமானங்களை அடையாளம் காட்டும் கையேடுகளிலும் அதன் கறுப்பு நிழலுருவம் அச்சாகியிருக்கிறது. ஆனால் ஜெர்மன் விமானப்படையின் எந்தப் படைப்பிரிவிலும் அப்படி ஒரு விமானம் இருந்ததே இல்லை.

அப்படியானால் அந்த விமானிகள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். பார்த்ததற்கு வைத்த பெயர்தான் தவறு. அந்தப் பெயர் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த உண்மையான விமானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரில் இருக்கும் கணக்கு

ஜெர்மன் விமானங்களின் பெயரில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் நிறுவனத்தின் சுருக்கம், அப்புறம் அரசின் விமானத்துறை அமைச்சகம் ஒதுக்கும் எண். ஹெய்ன்கெல் நிறுவனத்துக்குச் சுருக்கம் 'ஹெ'. ஹெ 111 இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். ஹெ 112 ஒற்றை எஞ்சின் போர் விமானம். ஹெ 115 நீரில் இறங்கும் மிதவை விமானம். இந்த வரிசையைப் பார்க்கும் யாருக்கும் 112-க்கு அடுத்தபடியாக 113 என்று ஒரு புதிய போர் விமானம் வந்திருப்பது இயல்பாகவே தோன்றும்.

தோற்ற நிறுவனத்தின் அடுத்த முயற்சி

1930-களின் நடுவில் ஜெர்மன் விமானப்படை தனக்கென ஒரு நவீன ஒற்றை இறக்கைப் போர் விமானத்தைத் தேடியது. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு: மெஸ்ஸர்ஷ்மிட்டின் 109, ஹெய்ன்கெலின் 112. 1936-ல் நடந்த சோதனைகளுக்குப் பிறகு மெஸ்ஸர்ஷ்மிட் வென்றது. அது எடை குறைந்தது, தயாரிக்க எளிது. ஹெ 112 அழகான விமானம்தான். ஆனால் அதில் பாகங்கள் அதிகம், வேலையும் அதிகம்.

எர்ன்ஸ்ட் ஹெய்ன்கெல் அந்தத் தோல்வியை விட்டுவிடத் தயாராக இல்லை. ராஸ்டாக் நகரத்துத் தொழிற்சாலையில் 1937-ல் அடுத்த வடிவமைப்பு தொடங்கியது. சீக்ஃப்ரீட், வால்டர் என்ற குன்டர் சகோதரர்கள்தான் ஹெய்ன்கெலின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர்கள். வால்டர் அதே ஆண்டு கார் விபத்தில் இறந்துபோக, சீக்ஃப்ரீட் வேலையைத் தொடர்ந்தார். புதிய விமானத்துக்கு ஹெ 100 என்று பெயர் வைத்தார்கள். 1938 ஜனவரி 22 அன்று அது முதன்முறையாகப் பறந்தது.

இதன் வடிவமைப்பில் இரண்டு நோக்கங்கள் இருந்தன: மிக வேகமாகப் பறக்க வேண்டும், தயாரிக்க மிக எளிதாக இருக்க வேண்டும். இரண்டாவது நோக்கத்தைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஹெ 112-ல் சுமார் 2,900 தனித்தனிப் பாகங்கள் இருந்தன. ஹெ 100-ல் அது ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகள் ஏறத்தாழ 27,000-லிருந்து 11,500 ஆயின. 109-இடம் எதில் தோற்றோம் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் செய்த வேலை இது. இந்த விமானத்தின் மேல் எனக்கு மதிப்பு வருவது அதன் வேகத்தைவிட இந்த எண்களால்தான்.

குக்கரும் இறக்கையும்: குளிர்விக்கும் முறை

வேகத்துக்காகச் செய்த துணிச்சலான முயற்சி, எஞ்சினைக் குளிர்விக்கும் முறையில் இருந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஞ்சின் ஒரே வகைதான்: டைம்லர்-பென்ஸ் டிபி 601, திரவத்தால் குளிர்விக்கப்படுவது. இப்படிப்பட்ட எஞ்சினுக்கு ரேடியேட்டர் வேண்டும். காரின் முன்பக்கம் இருப்பதைப் போலத்தான். ஆனால் மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்குக் கீழே ஒரு ரேடியேட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், காற்று அதைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் தரும் சக்தியில் ஒரு பங்கு அந்த இழுவையைச் சமாளிக்கவே செலவாகிவிடும்.

ரேடியேட்டரே இல்லாமல் செய்தால் என்ன என்று ஹெய்ன்கெல் குழு யோசித்தது. அவர்கள் கண்ட வழி இது:

1. தண்ணீரை அழுத்தத்தில் வைத்தால் அது 100 டிகிரியில் கொதிக்காது. வீட்டில் பிரஷர் குக்கருக்குள் நடப்பது அதுதான். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் இப்படி 110 டிகிரி அளவுக்குச் சூடாகியும் தண்ணீராகவே இருக்கும்.

2. அந்தத் தண்ணீரை அழுத்தம் குறைந்த இடத்துக்குத் திறந்துவிட்டால், அதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதே ஒரு கிராமை ஒரு டிகிரி மட்டும் சூடாக்க ஒரே ஒரு கலோரி போதும். இந்த வித்தியாசத்தில்தான் முழுத் திட்டமும் நின்றது. கொஞ்சம் தண்ணீர் நிறைய வெப்பத்தைச் சுமந்துபோகும்.

3. ஆவி இறக்கைக்குள் போகும். அங்கே வெளித்தகட்டின் உட்புறத்தைத் தொடும். வெளியே குளிர்ந்த காற்று வேகமாக உரசிக்கொண்டு போவதால் ஆவி மறுபடியும் தண்ணீராகும்.

4. அந்தத் தண்ணீரைச் சின்னச் சின்ன மின் பம்புகள் எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட பம்புகள். ஒவ்வொன்றும் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்ட விமானி முன்னால் விளக்குகள்.

இறக்கை முழுவதும் ரேடியேட்டராக மாறிவிட்டது. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. காகிதத்தில் அருமையான திட்டம். ஆனால் ஒரு சண்டை விமானத்துக்கு இது பொருந்துமா? சாதாரண விமானத்தில் குளிர்விப்பு நிற்க வேண்டுமானால் குண்டு அந்தச் சின்ன ரேடியேட்டரிலோ அதன் குழாயிலோ பட வேண்டும். இதில் இறக்கையின் பெரும்பகுதியே இலக்கு. போதாக்குறைக்கு அத்தனை பம்புகளையும் போர்க்களத்து ஓடுதளத்தில் பழுதுபார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் ஹெய்ன்கெலே இறங்கிவந்தது. ஹெ 100 டி-1 என்ற தயாரிப்பு வடிவத்தில், வயிற்றுப் பகுதியில் உள்ளிழுத்துக்கொள்ளக்கூடிய சாதாரண ரேடியேட்டர் வைத்தார்கள். அப்படியும் அது மணிக்குச் சுமார் 670 கிலோமீட்டர் வேகம் போனது. அந்தக் காலத்து மெஸ்ஸர்ஷ்மிட் 109 இ வகையின் உச்ச வேகம் 570-ஐ ஒட்டித்தான் இருந்தது.

சாதனைகளும் மாற்றுப் பெயர்களும்

1938 ஜூன் 5 அன்று ஜெர்மன் விமானப்படை அதிகாரி எர்ன்ஸ்ட் உடெட் ஒரு ஹெ 100-ல் ஏறி, 100 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் மணிக்கு 634.7 கிலோமீட்டர் என்ற சாதனையைப் படைத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 30 அன்று ஹான்ஸ் டீட்டர்லே, இறக்கை குறுக்கப்பட்டு எஞ்சின் முடுக்கப்பட்ட இன்னொரு ஹெ 100-ல் 746.6 கிலோமீட்டரைத் தொட்டார். அது எல்லா வகை விமானங்களுக்குமான உலக வேகச் சாதனை. 1934 முதல் இத்தாலியின் மாக்கி கடல் விமானம் வைத்திருந்த 709 கிலோமீட்டர் சாதனையை அது முறியடித்தது. நான்கே வாரம் கழித்து ஃப்ரிட்ஸ் வெண்டெல் மெஸ்ஸர்ஷ்மிட்டின் பந்தய விமானத்தில் 755.1 கிலோமீட்டர் ஓட்டி அதையும் தாண்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது வேகங்களைவிடப் பெயர்கள். உடெட் ஓட்டியதை 'ஹெ 112 யு' என்று அறிவித்தார்கள். வெண்டெல் ஓட்டியது உண்மையில் மீ 209. 109-க்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வேறுபட்டது. ஆனால் உலகுக்குச் சொன்ன பெயர் 'மீ 109 ஆர்'. படைப்பிரிவுகளில் பறக்கும் சாதாரணப் போர் விமானமே, சின்ன மாற்றங்களோடு, இவ்வளவு வேகம் போகிறது என்று மற்ற நாடுகள் நினைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

ஆக, போர் தொடங்கும் முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. உண்மையான விமானம், உண்மையான சாதனை, பெயர் மட்டும் பொய். ஹெ 113-க்கான பாதை இங்கேயே போடப்பட்டுவிட்டது.

இவ்வளவு நல்ல விமானத்தை ஏன் தயாரிக்கவில்லை?

1. எஞ்சின் பற்றாக்குறை. ஹெ 100-ஐ டிபி 601 எஞ்சினைச் சுற்றித்தான் கட்டியிருந்தார்கள். அதே எஞ்சின் மெஸ்ஸர்ஷ்மிட் 109, 110 இரண்டுக்கும் வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தயாரிப்பிலிருந்து எஞ்சினைப் பிடுங்கிப் புதிதாக ஒன்றுக்குக் கொடுக்க அமைச்சகம் ஒப்புக்கொள்ளவில்லை.

2. வேலைப் பிரிவினை. ஒற்றை எஞ்சின் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட்டின் வேலை, குண்டுவீச்சு விமானம் ஹெய்ன்கெலின் வேலை என்ற எண்ணம் மேலிடத்தில் உறுதிப்பட்டிருந்தது.

3. 109 போதும் என்ற நம்பிக்கை. ஸ்பெயினிலும் போலந்திலும் அது நன்றாகவே செய்தது.

முதல் காரணமே பிரதானம் என்பது என் கருத்து. மற்ற இரண்டையும் பேசித் தீர்த்திருக்கலாம். இல்லாத எஞ்சினைப் பேசி வரவழைக்க முடியாது. மாதிரிகளையும் சேர்த்து இரண்டு டஜன் அளவில்தான் ஹெ 100 உருவானது. ஆறு சோவியத் ஒன்றியத்துக்கும் மூன்று ஜப்பானுக்கும் விற்கப்பட்டன. மீதி இருந்த டி-1 விமானங்கள் ராஸ்டாக் தொழிற்சாலையைக் காக்க நிறுத்தப்பட்டன. ஓட்டியவர்கள் தொழிற்சாலையின் சொந்தச் சோதனை விமானிகள். எதிரியோடு அவை மோத வாய்ப்பு வரவே இல்லை.

பிரச்சாரத் துறையின் கையில்

1940-ல் ஹிட்லரின் அமைச்சர் கோயபெல்ஸின் பிரச்சாரத் துறை இந்தச் சும்மா நின்ற விமானங்களுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தது. புதிய போர் விமானம் ஹெ 113 படையில் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்குத் துணையாகப் படங்கள் வேண்டுமே. இருந்த அதே விமானங்களை வெவ்வேறு விமானத் தளங்களில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் புதிய வண்ணமும், இல்லாத படைப்பிரிவுகளின் சின்னங்களும் தீட்டிப் படம் எடுத்தார்கள். பார்ப்பவர்களுக்குப் பல படைப்பிரிவுகள் ஏற்கெனவே இவற்றை ஓட்டுவதாகத் தோன்றும். ஜெர்மன் விமானப்படையின் படப் பத்திரிகையான 'டெர் ஆட்லர்' உட்படப் பலவற்றில் அவை வெளிவந்தன. டென்மார்க், நார்வே போர்முனைகளில் இந்த விமானம் தன் திறமையைக் காட்டிவிட்டதாகவும் எழுதினார்கள். சில படங்களில் அதை இரவுச் சண்டை விமானம் என்றார்கள். தரையிறங்க உதவும் விளக்குகூட அந்த விமானத்தில் கிடையாது.

படத்தில் இருந்தது அட்டை மாதிரி இல்லை. நிஜமாகப் பறக்கக்கூடிய, உலகச் சாதனை படைத்த குடும்பத்தைச் சேர்ந்த விமானம். வேகத்தைப் பற்றிச் சொன்னது ஏறத்தாழ உண்மை. பொய் என்று சொல்லக்கூடியவை மூன்றுதான்: எண், எண்ணிக்கை, போருக்குப் போனது. புகைப்படத்தை எவ்வளவு உன்னிப்பாக ஆராய்ந்தாலும் இந்த மூன்றையும் அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. விமானப் பொறியாளர் ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்தால், இது மிக வேகமாகப் போகும் என்றே சொல்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

1940-ல் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் ஜெர்மன் விமானப்படையைப் பற்றித் தயாரித்த அறிக்கையில், போர் விமானங்களின் வரிசையில் ஹெ 113 இடம்பிடித்தது. அங்கிருந்து அடையாளக் கையேடுகளுக்கும், கையேடுகளிலிருந்து விமானிகளின் மனதுக்கும் போய்ச் சேர்ந்தது.

விமானிகள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது?

பயிற்சி பெற்ற கண்கள் எப்படி ஏமாந்தன என்று கேட்பது எளிது. அந்தக் கண்களுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும்.

1. அளவு. மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன் இறக்கை அகலம் 9.9 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது வானத்தில் முழுநிலாவின் அகலம்தான் இருக்கும். ஹெ 100-ன் அகலம் 9.4 மீட்டர். அந்த அரை மீட்டர் வித்தியாசத்தை நிலாவின் அகலத்துக்குள் யாரால் பார்க்க முடியும்?

2. நேரம். இரண்டு விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், ஒரு கிலோமீட்டர் இடைவெளி நான்கு நொடிக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் நண்பனா எதிரியா என்று முடிவெடுத்துச் சுடவும் வேண்டும், மோதாமல் விலகவும் வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இருந்த மொத்தக் குண்டுகளும் கால் நிமிடத்தில் தீர்ந்துபோகும்.

3. எதிர்பார்ப்பு. மெஸ்ஸர்ஷ்மிட் உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கும்போது வழக்கத்தைவிட மிக வேகமாக வரும். 109 இவ்வளவு வேகம் போகாதே என்று நினைக்கும் விமானிக்கு, இன்னும் வேகமான புது விமானம் ஒன்று இருக்கிறது என்று முந்தைய நாள்தான் சொல்லியிருக்கிறார்கள். பெயர் தயாராக இருந்தது, பொருத்திக்கொண்டார்.

4. 109-ம் மாறியது. அதுவரை வந்த இ வகைக்கு இறக்கை நுனி சதுரமாக இருக்கும், வால் பகுதிக்குத் தாங்குகம்பி இருக்கும். 1940 அக்டோபர் முதல் கொஞ்சம் கொஞ்சமாக வந்த எஃப் வகையில் நுனி வளைவானது, தாங்குகம்பி போய்விட்டது. அந்த மாதங்களில் புது வடிவத்தைக் கண்டதாகச் சொன்னவர்களில் சிலர் உண்மையிலேயே புது வடிவத்தைத்தான் கண்டிருக்க வேண்டும்.

வானத்துச் சண்டையில் தவறு நேர்வது பெயரில் மட்டும் இல்லை. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் ஜெர்மனி இழந்தது சுமார் 60. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் தனித்தனியாக எழுதுவார்கள். யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லாமலேயே எண்ணிக்கை மும்மடங்காகிவிடும்.

உடைந்த உலோகம் சொல்லும் சாட்சி

எதிரியிடம் ஒரு விமானம் இருக்கிறதா என்று அறிய மூன்று வகைச் சான்றுகள் உண்டு: எதிரி வெளியிடும் படமும் செய்தியும், விமானிகள் கண்டது, கையில் கிடைத்த உலோகம். முதல் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். படத்தைப் பார்த்த விமானி அதையே வானத்தில் காண்கிறார். அவர் அறிக்கையைப் பார்த்த அலுவலகம் படம் உண்மை என்று முடிவு செய்கிறது. இந்த வட்டத்தை உடைக்கக்கூடியது மூன்றாவது சான்று மட்டும்தான்.

பிரிட்டன் மீதான வான்போர் 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் இங்கிலாந்தின் மேலேயே நடந்தது. விழுந்த ஜெர்மன் விமானங்கள் கென்ட், சஸெக்ஸ் வயல்களில் கிடந்தன. அவற்றைத் தேடிப்போய்த் தகடு தகடாக ஆராய விமானப்படையில் தனி அதிகாரிகளே இருந்தார்கள். நூற்றுக்கணக்கான சிதைவுகளில் ஒரு ஹெ 113 கூட இல்லை. வீழ்த்தியதாகப் பல அறிக்கைகள், உடைந்த துண்டு ஒன்றுகூட இல்லை என்ற இந்த முரண்தான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது. போரின் அவசரத்தில், இல்லாத துண்டைக் கணக்கில் எடுப்பது கடினம்.

இதற்கு நேரெதிராகவும் நடந்தது. 1941 இலையுதிர் காலத்தில் வட்ட எஞ்சின் பொருத்திய புதிய ஜெர்மன் விமானம் ஒன்றைப் பார்த்ததாக பிரிட்டிஷ் விமானிகள் சொன்னபோது, பிரான்சிடம் கைப்பற்றிய அமெரிக்கக் கர்ட்டிஸ் விமானங்களாக இருக்கலாம் என்று விளக்கம் தரப்பட்டது. உண்மையில் அது ஃபோக்கே-வூல்ஃப் 190. அதன் திறன் முழுசாகத் தெரிந்தது 1942 ஜூன் 23 அன்று. ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி, பிரிஸ்டல் கால்வாயை இங்கிலீஷ் கால்வாய் என்று தவறாக நினைத்து, வேல்ஸில் உள்ள பெம்ப்ரே தளத்தில் தன் 190-ஐ முழுசாக இறக்கிவிட்டார்.

ஜப்பானின் ஸீரோ என்ற போர் விமானத்துக்கும் அதே கதிதான். 1940 செப்டம்பரில் சீனாவின் சுங்கிங் நகரத்துக்கு மேல் அது சீன விமானங்களை நொறுக்கியது. சீன விமானப்படைக்கு ஆலோசகராக இருந்த அமெரிக்கர் கிளேர் செனால்ட் அமெரிக்காவுக்கு எச்சரிக்கை அனுப்பினார், பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1942 ஜூலையில் அலாஸ்காவின் அலூஷியன் தீவுக்கூட்டத்து அகுடான் தீவில் கவிழ்ந்து கிடந்த ஒரு ஸீரோ கிடைத்து, அதைப் பழுதுபார்த்து ஓட்டிய பிறகே அதன் பலமும் பலவீனமும் எண்களாகத் தெரிந்தன.

பசிபிக்கில் பிறந்த வேறு சில இல்லாத விமானங்கள்

ஹெ 113 திட்டமிட்டு உருவாக்கிய பொய். யாரும் திட்டமிடாமலும் இப்படி விமானங்கள் பிறந்திருக்கின்றன. 1942-ல் ஆஸ்திரேலியாவில் இருந்த நேச நாட்டு உளவுப் பிரிவு ஜப்பானிய விமானங்களுக்குச் சுருக்கப் பெயர்கள் வைத்தது. போர் விமானங்களுக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயர். அந்தப் பட்டியலில் கஸ், ஹாரி, ஜோ, ஓமர் என்று சில போர் விமானங்கள் உண்டு. போருக்கு முன் ஜப்பானியப் பத்திரிகை ஒன்று எதிர்கால விமானங்கள் எப்படி இருக்கலாம் என்று கற்பனையாக வெளியிட்ட ஓவியங்களிலிருந்து அவை வந்தவை. ஓவியத்தை உளவுச் செய்தியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மைக் என்ற பெயர் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கும், ஃப்ரெட் என்ற பெயர் ஃபோக்கே-வூல்ஃப் 190-க்கும் ஒதுக்கப்பட்டன. ஜப்பான் இவற்றைச் சோதித்துப் பார்க்க வாங்கியதோடு சரி, சண்டைக்கு அனுப்பவில்லை.

மிஞ்சியது

ஹெ 100 விமானங்களில் ஒன்றுகூட இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. ஜப்பானுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போனவையும் மிஞ்சவில்லை. டி-1 வடிவம் எப்படி இருந்தது என்று இன்று பார்க்க நினைப்பவர்களுக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 1940-ல் பிரச்சாரத் துறைக்காக எடுத்த அதே படங்கள்தான். நீண்டு ஒல்லியான மூக்கு, உட்புறமாக மடங்கும் அகன்ற சக்கரக் கால்கள், நேர்த்தியான இறக்கை என எல்லாம் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. எஞ்சின் மூடியில் ஒரு படைப்பிரிவின் சின்னமும் தெரியும். அப்படி ஒரு படைப்பிரிவு இருந்ததில்லை.